ஒரே பெட்டிக்குள் வெயிலும் நிழலும்

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் உன் வயதுப் பிள்ளைகள் சிலர் வீட்டில் பாம்பு வளர்க்கிறார்கள். ஆமாம் கண்ணு, பாம்பேதான். அப்பா அம்மாவுக்குத் தெரியாமல் இல்லை. அவர்களே கடைக்குக் கூட்டிக்கொண்டு போய் வாங்கித் தருகிறார்கள்.

"அய்யே!" என்று முகத்தைச் சுளித்துவிட்டு நீ ஓடியிருக்கலாம். ஓடவில்லை. "எப்படி வளர்ப்பார்கள்?" என்று கேட்க வந்துவிட்டாய். அதனால்தான் உன்னோடு பேச எனக்குப் பிடிக்கிறது. வா, உட்கார். இன்றைக்கு அந்தப் பாம்பு குடியிருக்கும் பெட்டியைப் பற்றிப் பேசுவோம். அந்தப் பெட்டிக்குள் ஒரு முழு வெப்பப் பாடமே இருக்கிறது.

முதலில் பாம்பு யார் என்று சொல்லிவிடுகிறேன். அதன் பெயர் சோளப் பாம்பு. ஃப்ளோரிடா, ஜார்ஜியா, கரோலினா என்று அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்கள்தாம் அதன் சொந்த ஊர். ஆரஞ்சு நிற உடம்பு. அதன் மேல் கருப்புக் கரை கட்டிய சிவப்புத் திட்டுகள். விஷம் கிடையாது. நம் ஊர்ச் சாரைப்பாம்புக்குத் தூரத்துச் சொந்தம். சாரையைப் போலவே எலிதான் இதற்கும் உணவு.

வளர்ந்துவிட்டால் நாலைந்து அடி நீளம் இருக்கும். ஆனால் முட்டையை உடைத்துக்கொண்டு வெளியே வரும் குட்டி ஓர் அடிகூட இருக்காது. பென்சில் பருமன்தான். எடை பத்து கிராமைத் தாண்டாது. கடையில் விற்பவை காட்டில் பிடித்தவை அல்ல. வளர்ப்பவர்களிடம் முட்டை பொரித்துப் பிறந்தவை.

இப்போதே ஒன்று சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு வயல் பக்கம் பாம்பு தேடிப் போய்விடாதே! நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சாரை, நல்லபாம்பு, மலைப்பாம்பு என்று எதையும் பிடிக்கக் கூடாது, வீட்டில் வைத்து வளர்க்கவும் கூடாது. நல்ல சட்டம். நாம் அறிவியலை மட்டும் எடுத்துக்கொள்வோம். சரியா?

இப்போது உன் கையை உன் கழுத்தில் வைத்துப் பார். வெதுவெதுப்பாக இருக்கிறதா? உன் உடம்பின் உள்ளே சுமார் 37 டிகிரி செல்சியஸ் வெப்பம் இருக்கிறது. மார்கழிக் குளிரிலும் 37. சித்திரை வெயிலிலும் 37. இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது? நீ சாப்பிட்ட சாப்பாட்டிலிருந்து. நீ தின்பதில் பெரும் பங்கு உடம்பைச் சூடாக வைத்திருக்கவே செலவாகிறது. பள்ளி விட்டு வந்ததும் "பசிக்குது" என்று நீ அடுக்களைக்கு ஓடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பாம்புக்கு அந்தச் செலவு கிடையாது. அதன் உடம்பு தனக்கென்று சூட்டை உண்டாக்கிச் சேர்த்து வைப்பதில்லை. கிடக்கும் இடம் 20 டிகிரி என்றால் அதன் உடம்பும் ஏறக்குறைய 20 டிகிரி. வெயில் பட்ட பாறையில் கிடந்தால் உடம்பும் சுடும். அதனால்தான் சோளப் பாம்புக் குட்டிக்கு வாரத்துக்கு ஒரு சின்ன எலிக்குஞ்சு போதும். உன்னால் வாரத்துக்கு ஒரு வேளைச் சாப்பாட்டில் இருக்க முடியுமா? முடியாதல்லவா?

இதில் பாம்புக்கு லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு. லாபத்தைப் பார்த்துவிட்டோம். நஷ்டம் என்ன தெரியுமா?

இட்லி மாவு அரைத்து வைக்கும் நாளை நினைத்துப் பார். வெயில் காலத்தில் ராத்திரி வைத்தால் விடியும்போது பொங்கி நிற்கும். மார்கழியில் அதே மாவு அசையாமல் கிடக்கும். அம்மா பாத்திரத்தைத் துணியில் சுற்றி அடுப்புக்குப் பக்கத்தில் வைப்பார். மாவும் அதேதான், பாத்திரமும் அதேதான். சூடு மட்டும்தான் குறைவு. பாம்பின் வயிற்றிலும் இப்படித்தான். உணவைக் கரைக்கும் நொதிகள் வேலை செய்ய வெப்பம் வேண்டும். வெப்பம் போதாவிட்டால் விழுங்கிய எலி செரிக்காது, வயிற்றுக்குள்ளேயே அழுக ஆரம்பித்துவிடும். பாம்பு அதைக் கக்கிவிடும். பத்து கிராம்கூட இல்லாத குட்டிக்கு இப்படி ஓரிரு முறை கக்கினாலே உயிருக்கு ஆபத்து.

ஆகவே பாம்புக் குட்டிக்குச் சாப்பாடு கொடுப்பதற்கு முன்னால் சூடு கொடுக்க வேண்டும். இதுவரை புரிகிறதா? புரியாவிட்டால் மாவு கதையை இன்னொரு தரம் படி. அவசரமே இல்லை.

இந்த இடத்தில் ஒரு வேடிக்கை சொல்லட்டுமா? பாம்புகள் உடம்பில் சூடு உண்டாக்குவதில்லை என்றேன் அல்லவா? ஒரு தாய் மட்டும் அந்த விதியை மீறுகிறாள். நம் மலைப்பாம்புதான் அது! முட்டையிட்டதும் அதைச் சுற்றிச் சுருண்டு படுத்துக்கொள்ளும். குளிர்ந்தால் தசைகளைத் திரும்பத் திரும்பச் சுருக்கித் துடிக்க வைக்கும். அந்தத் துடிப்பில் சூடு பிறக்கும். நியூயார்க் விலங்குக்காட்சிச் சாலையில் இருந்த ஒரு தாய் மலைப்பாம்பை விஞ்ஞானிகள் அளந்து பார்த்து 1966-இல் கட்டுரை எழுதினார்கள். சுற்றியிருந்த காற்றைவிட அதன் உடம்பு சில டிகிரி கூடுதல் சூடாக இருந்தது. குஞ்சுகள் பொரிந்த பிறகு இந்தத் துடிப்பு நின்றுவிடும்.

சோளப் பாம்புக்கு அந்த வித்தை தெரியாது. ஆகவே பெட்டிக்கு வருவோம்.

உன்னிடம் ஒரு கேள்வி. பாம்புக் குட்டிக்கு 30 டிகிரி பிடிக்கும் என்று வைத்துக்கொள். பெட்டி முழுவதையும் 30 டிகிரியில் வைத்துவிட்டால் போதுமா?

"போதும்" என்றுதானே சொல்ல வந்தாய்? பெரியவர்களே அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் காட்டில் பாம்பு என்ன செய்கிறது என்று பார். பகல் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும் தரையில் சாயங்காலம் வயிறு படப் படுத்திருக்கும். போதுமான சூடு ஏறியதும் மரப்பட்டைக்கு அடியில் நுழைந்துகொள்ளும். எலி விழுங்கிய நாளில் சூடான இடத்தில் கூடுதல் நேரம் கிடக்கும். வயிறு காலியாக இருக்கும் நாளில் குளிர்ந்த பொந்தில் ஒடுங்கும். ஒரே நாளில் எத்தனையோ முறை இடம் மாறும்.

பெட்டி முழுவதும் 30 டிகிரி என்றால் அது எங்கே மாறும்? தப்பிக்க இடமே இல்லை. எப்போதும் சூட்டிலேயே கிடந்து களைத்துப்போகும்.

ஆகவே பெட்டியின் ஒரு முனை சூடாகவும் மறு முனை குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும். சோளப் பாம்புக் குட்டிக்குச் சூடான முனையில் தரை 28 முதல் 30 டிகிரி. குளிர்ந்த முனையில் 21 முதல் 24 டிகிரி. நடுவில் படிப்படியாக இறங்கி வரும். எங்கே போய்ப் படுப்பது என்பதைப் பாம்பே பார்த்துக்கொள்ளும். அது நம்மைவிட அதற்கு நன்றாகத் தெரியும்.

இதைச் செய்வது கடினமில்லை. மின்சாரத்தில் சூடாகும் மெல்லிய விரிப்பு ஒன்று கடையில் கிடைக்கும். அதைப் பெட்டிக்கு அடியில், வெளிப்பக்கமாக, ஓர் ஓரத்தில் ஒட்டுவார்கள். பெட்டியின் தரையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அது வரக் கூடாது. வந்தால் குளிர்ந்த முனை காணாமல் போய்விடும். பெட்டிக்கு அடியில் கொஞ்சம் இடைவெளியும் வேண்டும். சூடு அங்கேயே அடைபட்டுவிடக் கூடாது. சிலர் விரிப்புக்குப் பதிலாக மேலேயிருந்து விளக்கைத் தொங்கவிடுவார்கள். அதுவும் சரிதான். குட்டி அதன்மேல் ஏறிச் சுட்டுக்கொள்ளாதபடி வலைக்கூண்டு போட வேண்டும், அவ்வளவுதான்.

உள்ளே மின்சாரத்தில் சூடாகும் "கல்" ஒன்றை வைப்பதும் ஒரு காலத்தில் வழக்கமாக இருந்தது. அதை மட்டும் நான் கண்டிப்பாக வேண்டாம் என்பேன். கல்லின் ஒரு பகுதி அளவுக்கு மீறிச் சுட்டாலும் பாம்பு விலகாமல் படுத்தே கிடக்கும். வயிற்றுத் தோல் வெந்து மருத்துவரிடம் வந்த பாம்புகள் நிறைய உண்டு.

இனி ஒளிந்துகொள்ள இடம். குட்டிப் பாம்பு பயந்த சுபாவம். பருந்து, கோழி, பூனை எல்லாம் அதற்கு எமன்கள். மறைவு இல்லாத இடத்தில் அது நிம்மதியாக இருக்காது. ஆகவே உள்ளே ஒரு சின்ன மறைவிடம் வைப்பார்கள். கவிழ்த்த பூந்தொட்டித் துண்டு போதும். சுருண்டு படுத்தால் உடம்பு நாலு பக்கமும் உரசும் அளவுக்குச் சின்னதாக இருக்க வேண்டும்.

ஒன்று போதுமா, இரண்டு வேண்டுமா? யோசி.

இரண்டு வேண்டும் கண்ணு! சூடான முனையில் ஒன்று, குளிர்ந்த முனையில் ஒன்று. ஒரே ஒரு மறைவிடத்தைக் குளிர்ந்த பக்கம் வைத்துவிட்டால் என்ன ஆகும்? பாம்புக்குச் சூடும் வேண்டும், பயமும் இருக்கிறது. பயம்தான் ஜெயிக்கும். எலி செரிக்காவிட்டாலும் பரவாயில்லை என்று குளிரிலேயே ஒளிந்து கிடக்கும். பார்ப்பவர்கள், "நாங்கள்தான் சூடு வைத்திருக்கிறோமே, அப்புறம் ஏன் கக்குகிறது?" என்று குழம்புவார்கள். வெப்பம் சரியாகத்தான் இருக்கும். அங்கே போகத்தான் அதற்குத் தைரியம் இருக்காது.

பெட்டியும் ரொம்பப் பெரிதாக வேண்டாம். குட்டிக்கு இரண்டடி நீளம் தாராளம். மூடி மட்டும் இறுக்கமாக இருக்க வேண்டும். பென்சில் நுழையும் சந்தில் அதுவும் நுழைந்துவிடும். தண்ணீர்க் கிண்ணம் குளிர்ந்த பக்கம். தரையில் காகிதமோ மரச்சீவலோ. தேவதாரு மரச்சீவல் மட்டும் ஆகாது, அதன் வாசனை எண்ணெய் பாம்புக்குக் கெடுதல்.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த இடத்துக்கு வந்துவிட்டோம். அந்த விரிப்பைச் செருகி சுவிட்சைப் போட்டால் அது சூடாகிக்கொண்டே போகும். 30 டிகிரியில் நிற்க வேண்டும் என்று அதற்கு யார் சொல்வது? தானாக விட்டால் 40 டிகிரியையும் தாண்டிவிடும்.

சொல்வதற்கு ஒரு கருவி இருக்கிறது. தெர்மோஸ்டாட் என்று பெயர். உன் வீட்டிலும் ஒன்று இருக்கிறது, தெரியுமா? இஸ்திரிப் பெட்டிக்குள்! துணி தேய்க்கும்போது அதிலுள்ள சின்ன விளக்கு எரிந்து எரிந்து அணைவதைப் பார்த்திருப்பாயே? அது தெர்மோஸ்டாட்டின் வேலைதான்.

உள்ளே இரண்டு உலோகப் பட்டைகளை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருப்பார்கள். சூடானால் உலோகம் விரியும் என்று படித்திருக்கிறாய். எல்லா உலோகமும் ஒரே அளவு விரிவதில்லை. பித்தளை இரும்பைவிட அதிகம் விரியும். ஒட்டியிருக்கும் இரண்டில் ஒன்று மட்டும் கூடுதலாக நீண்டால் பட்டை என்ன செய்யும்? வளையும். வளைந்தால் மின் இணைப்பு விட்டுப்போகும். சூடு நிற்கும். ஆறியதும் பட்டை நிமிரும். இணைப்பு மறுபடி சேரும். மூளையே இல்லாமல் ஒரு பட்டை இத்தனையும் செய்கிறது பார்!

இந்த யோசனையை அறை வெப்பத்துக்குப் பயன்படுத்தியவர்களில் ஒருவர் பள்ளி ஆசிரியர். வாரன் ஜான்சன் என்று பெயர். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் வைட்வாட்டர் என்னும் ஊரில், ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அது பனி கொட்டும் ஊர். பள்ளிக்குச் சூடு தரும் உலை கீழே நிலவறையில் இருக்கும். பணியாள் அடிக்கடி வகுப்புக்குள் வந்து, அறை எவ்வளவு சூடாக இருக்கிறது என்று பார்த்துவிட்டு, கீழே போய் உலையைக் கூட்டுவார், குறைப்பார். பாடம் நடுவில் அறுந்துபோகும். ஜான்சனுக்கு அது தொல்லையாக இருந்தது. அறையின் வெப்பத்தைத் தானே உணர்ந்து கீழே சொல்லும் மின்கருவி ஒன்றைச் செய்தார். 1883-இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார்.

இப்போது பாம்புப் பெட்டிக்கு விற்கும் தெர்மோஸ்டாட்டில் பெரும்பாலும் உலோகப் பட்டை இருப்பதில்லை. கம்பியின் நுனியில் மிளகளவு உணர்வி ஒன்று இருக்கும். சூட்டுக்கு ஏற்ப அதன் மின்தடை மாறும். அதை வைத்து வெப்பத்தைக் கணக்கிடும். அந்த நுனியை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பெட்டிக்குள் தளர்வாகப் போட்டுவிட்டால் பாம்பு அதைத் தள்ளிவிடும். குளிர்ந்த பக்கம் தள்ளிவிட்டால்? "ஐயோ, இங்கே குளிர்கிறதே" என்று கருவி நினைத்து விரிப்பைச் சூடாக்கிக்கொண்டே போகும்! ஆகவே நுனியை விரிப்பின் மேலேயே, பெட்டிக்கு வெளியே, அசையாமல் ஒட்டிவிடுவார்கள். உள்ளே தரையில் எவ்வளவு சூடு இருக்கிறது என்று வேறொரு வெப்பமானி வைத்துப் பார்த்துத் திருகைச் சரிசெய்வார்கள். கண்ணாடிச் சுவரில் ஒட்டும் வட்ட வெப்பமானி இதற்கு உதவாது. அது சுவரை அளக்கும். பாம்பு சுவரிலா படுக்கிறது?

"எதற்கு இத்தனை கருவி? கையை வைத்துப் பார்த்தால் தெரியாதா?" என்று நீ கேட்கலாம். நல்ல கேள்வி. அதற்கு ஒரு சோதனை செய்து பார்ப்போம்.

மூன்று கிண்ணம் எடுத்துக்கொள். ஒன்றில் குளிர்ந்த தண்ணீர். ஒன்றில் குளிக்கப் பொறுக்கும் சூட்டில் வெந்நீர். கொதிநீர் வேண்டாம், அம்மாவையோ அப்பாவையோ பக்கத்தில் வைத்துக்கொள். நடுக் கிண்ணத்தில் சாதாரணத் தண்ணீர். வலது கையைக் குளிர்ந்த நீரிலும் இடது கையை வெந்நீரிலும் ஒரு நிமிடம் வை. பிறகு இரண்டு கையையும் நடுக் கிண்ணத்தில் ஒன்றாக விடு. என்ன தெரிகிறது? வலது கை "சுடுகிறது" என்னும். இடது கை "குளிர்கிறது" என்னும். தண்ணீர் ஒன்றுதான்!

நம் கை வெப்பநிலையை அளப்பதில்லை. தன்னைவிடச் சூடா, குளிர்ச்சியா என்று மட்டும்தான் சொல்லும். உன் உள்ளங்கையின் தோல் பொதுவாக 30 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். ஆகவே 30 டிகிரித் தரையைத் தொட்டால் உனக்குச் சூடாகவே தெரியாது. "சூடு பத்தவில்லை" என்று நீ திருகைக் கூட்டுவாய். உனக்குச் சூடு தெரியும் நேரத்தில் குட்டிப் பாம்பு வெந்துகொண்டிருக்கும். அதனால்தான் வெப்பமானி.

விவரம் தெரிந்தவர்கள் பாம்பு வாங்குவதற்கு முன்பே பெட்டியைத் தயார் செய்துவிடுவார்கள். ஓரிரண்டு நாள் வெறும் பெட்டியை ஓடவிட்டு, காலையும் மாலையும் இரண்டு முனைகளின் வெப்பத்தையும் நோட்டுப் புத்தகத்தில் குறிப்பார்கள். எண்கள் நிலையாக நின்ற பிறகுதான் குட்டி வீட்டுக்கு வரும். வந்த பிறகும் ஒரு வாரம் தொந்தரவு செய்யாமல் விட்டுவிடுவார்கள். சாப்பிட்டால் இரண்டு நாளைக்குக் கையில் எடுப்பதில்லை.

பிறகு பாம்பைக் கவனிக்க வேண்டும். இரண்டு பக்கமும் மாறி மாறிப் படுத்தால் பெட்டி சரி. சூடான முனையை விட்டு நகரவே மாட்டேன் என்றால் பெட்டி மொத்தமும் குளிராக இருக்கலாம். எப்போதும் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் சுருண்டு கிடந்தால் வெப்பம் அதிகமாகிவிட்டதோ என்று பார்க்க வேண்டும். கண் பால் படர்ந்ததுபோல் மங்கினால் தோல் உரிக்கப் போகிறது என்று பொருள். அப்போது ஈரப் பாசி வைத்த மறைவிடம் ஒன்று கொடுத்தால் தோல் கிழியாமல் ஒரே சட்டையாகக் கழன்று வரும்.

கடைசியாக உனக்கு ஒரு கணக்கு. இதே பெட்டியைச் சென்னையில் மே மாதம் மின்விசிறி மட்டும் ஓடும் ஓர் அறையில் வைத்தால் என்ன ஆகும்? அறையே 35, 36 டிகிரி. தெர்மோஸ்டாட் விரிப்பை அணைத்துவிடும். அதன் பிறகு? அதனால் சூட்டை நிறுத்தத்தான் முடியும், குளிரவைக்க முடியாது. 35 டிகிரிக்கு மேல் நெடுநேரம் கிடந்தால் சோளப் பாம்பு பிழைக்காது. அப்படியானால் குளிர்ந்த முனையை எப்படி உண்டாக்குவாய்? மண்பானை நினைவுக்கு வருகிறதா? யோசித்துப் படம் வரைந்து எனக்கு அனுப்பு.

பாம்பை நேரில் பார்க்க ஆசையாக இருந்தால் கிண்டி பாம்புப் பண்ணைக்குக் கூட்டிப் போகச் சொல். கூண்டுக்குக் கூண்டு நின்று, பாம்பு வெயிலில் படுத்திருக்கிறதா, நிழலிலா, தண்ணீரிலா என்று எழுதிக்கொள். எந்த நேரத்தில் பார்த்தாய் என்றும் பக்கத்தில் குறி. செவ்வாய்க்கிழமை மட்டும் போகாதே, அன்றைக்கு அங்கே விடுமுறை.